மறுபடி முதல்லேருந்து மாஸ்டர்

மனிதர்களில் ‘நிறுத்து’ ரகம் என்று ஒன்று உண்டு. பார்த்ததே இல்லை என்று சொல்லாதீர்கள். கல்யாண போட்டோவை நீட்டினால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு, பின்னால் கோணலாகத் தொங்குகிற திரையைப் பார்க்கிறாரே, அவர்தான். நாம் ஆசையாக ஒரு கதையை ஆரம்பித்து, அதில் விழுந்தவன் எழுந்திருப்பதற்குள், “இருங்க, இருங்க, அவன் விழுந்தது மாடிப்படியிலயா, வாசப்படியிலயா?” என்று குறுக்கே கட்டையைப் போடுகிறாரே, சாட்சாத் அவரேதான். இந்த ரகத்தில் கணக்கு வாத்தியார் உண்டு, தையல்காரர் உண்டு, மாமனார்கள் ஏராளம். ஆனால் இவர்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து, வரிசை கோணல் என்று கலைத்து, மறுபடி நிற்க வைக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். அவர்தான் சாஸ்திரிய சாக்சபோன் மாஸ்டர்.

எங்கள் கட்டிடத்தில் ஒருவர் குடியிருக்கிறார். அவர் மேல்மாடி, நான் கீழ்மாடி. ஆகவே நான் சொல்லப் போவதில் பாதி என் வீட்டு மச்சு வழியாக இறங்கி வந்த உண்மை. மீதி அவர் வீட்டம்மா மாடிப்படியில் நின்று சொன்னது.

தெருவில் இந்த ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவார். பஸ்ஸில் பெட்டிக்கு ஜன்னலோர சீட்டு, அவருக்குக் கம்பி. வாயோரத்தில் சின்ன நாணல் சீவல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பல் குத்துகிற குச்சி என்று நினைத்து நீங்கள் ஏதாவது சொல்லிவிடாதீர்கள். அதற்கு ரீடு என்று பெயர். அதை எச்சிலில் ஊற வைத்து, வாத்தியத்தின் வாயில் கட்டி ஊதினால்தான் சத்தம் வரும். கடையில் ஒரு பெட்டி ரீடு வாங்கினால் அதில் ஒன்று தேறும் என்பார். அந்த ஒன்றும் நேற்று வரைக்கும் நன்றாக இருந்தது என்பார். ரீடு வாயில் இருக்கும்போது அவரால் பேச முடியாது. அவர் வீட்டில் சமாதானம் நிலவுவது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

“நீங்க சாக்சபோன் வாசிப்பீங்களாமே?” என்று யாராவது கேட்டால் போதும்.

“சாஸ்திரிய சாக்சபோன்” என்பார்.

“சினிமாப் பாட்டெல்லாம் வாசிப்பீங்களா?”

இதற்குப் பதிலாக ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையில் எங்கள் தெரு பேக்கரிக்காரர் ஒருமுறை மீதிச் சில்லறையை இரண்டு தடவை கொடுத்துவிட்டார்.

இவர் வாத்தியாரான கதையைக் கேளுங்கள். வாலிபத்தில் ஒரு நடன அரங்கின் பேண்டில் சேர்ந்தாராம். நல்ல வாசிப்பு, நல்ல சட்டை, நாலு பெண்கள் திரும்பிப் பார்க்கிற மீசை. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அரங்கு நிறைந்த ஜோடிகள் கையோடு கை கோத்துச் சுழன்றுகொண்டிருக்கையில், பக்கத்தில் டிரம்பெட் ஊதியவர் சுருதி அரைக்கால் இறங்கிவிட்டார். நீங்களும் நானும் என்ன செய்வோம்? தெரிந்தே இருக்காது. தெரிந்தாலும் ஊதிக்கொண்டே போவோம். நம் ஆள் வாத்தியத்தை இறக்கினார், கையைத் தூக்கினார், “நிறுத்துங்க!” என்றார். பேண்டு நின்றது. ஜோடிகளும் நின்றார்கள். ஒரு அம்மாள் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்றாளாம். “மறுபடி முதல்லேருந்து” என்றாராம் இவர். அரங்குக்காரர் இவர் தோளில் கை போட்டு வெளியே அழைத்துப் போய், “தம்பி, நீ வாத்தியாராப் போயிடுப்பா. அங்க யாரும் ஆட மாட்டாங்க” என்றாராம்.

அப்படித்தான் கலையுலகம் ஒரு ஆசிரியரைப் பெற்றது.

அதன் பிறகு இசைக் கல்லூரி, மெடல், கறுப்புக் கோட்டு, எல்லாம் ஆயிற்று. ஆனால் மேல்நாட்டுச் சாஸ்திரிய இசைக்குழுக்களில் ஒரு சங்கடம். வயலினுக்கு வரிசை வரிசையாக நாற்காலி போடுவார்கள், சாக்சபோனுக்கு நாற்காலியே கிடையாது. எப்போதாவது, எவராவது ஒரு புண்ணியவான் எழுதிய பாட்டில் அதற்கு நாலு வரி இருக்கும். அன்றைக்கு மாஸ்டருக்குப் போன் வரும். கோட்டுக்கு இஸ்திரி போட்டு, போய் உட்கார்ந்து, சாயங்காலம் முழுக்க மற்றவர்கள் வாசிப்பதைப் பொறுத்துக்கொண்டு, தன் நாலு வரியை வாசித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும், மற்றவர்கள் எங்கெங்கே தவறினார்கள் என்பதைச் சாப்பாடு ஆறும் வரைக்கும் சொல்வார். தன் நாலு வரியைப் பற்றிக் கேட்டால், “ரீடு சரியில்லை” என்பார்.

சரி, வகுப்புக்கு வருவோம். ஊரில் உள்ள இசைப்பள்ளியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை அவருக்கு. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும், சத்தம் வெளியே போகாமல் இருக்க. ஒரு ஆளுயரக் கண்ணாடி, வாசிக்கிறவர் தன் மூஞ்சியைத் தானே பார்த்து வெட்கப்பட. புதிதாகச் சேர்கிறவர் முதல் மாதம் ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊத வேண்டும். அவ்வளவுதான். பெரிய கப்பல் ஒன்று துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற மாதிரியும், கிளம்ப மனமில்லாத மாதிரியும் இருக்கும். அந்தச் சுரம் சரியாக வந்த பிறகு அடுத்த சுரம். அதுவும் வந்துவிட்டால் பாட்டு. பாட்டு என்றால் முழுப் பாட்டு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்பிப்பார்கள். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்பார். முதல் வரி தாண்டும். இரண்டாவது வரியில் எங்கேயோ ஒரு சுரம் தும்மும். கை மேலே போகும்.

“நிறுத்துங்க.”

நிறுத்துவார்கள்.

“எங்க தப்புன்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியாது. ஆனாலும் தலையாட்டுவார்கள்.

“மறுபடி முதல்லேருந்து.”

இப்படியே ஒரு மணி நேரம். இப்படியே வருஷக்கணக்கு. அவரிடம் படித்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், உலகத்தில் உள்ள எல்லாப் பெரிய பாட்டுக்கும் முதல் பக்கத்தைத் தூக்கத்தில்கூட வாசிப்பார்கள். இரண்டாவது பக்கத்தைத் திருப்பியவர் எவரும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்து நோட்டுகளைப் போய்ப் பாருங்கள், முதல் பக்கம் விரல் பட்டு விரல் பட்டுக் கருத்துக் கிழிந்திருக்கும், மற்றதெல்லாம் அச்சாபீஸிலிருந்து வந்த வெள்ளை.

வீட்டில் மட்டும் வேறு ஆளா? தான் வாசிக்கும்போதும் பாதியில் நிறுத்திவிட்டு முதலிலிருந்துதான். மாஸ்டர் வீட்டம்மா ஒருநாள் என் வீட்டுக்காரியிடம் சொன்னார்: “எனக்குத் தெரியாத பாட்டே கிடையாது அக்கா. எல்லாத்துக்கும் ஆரம்பம் தெரியும். பாத்திரம் தேய்க்கும்போது பாடிக்கிட்டே இருப்பேன், ஒரு இடம் வந்ததும் வாய் தானா நின்னுடும். அதுக்கு மேல என்ன இருக்குன்னு கல்யாணமான நாள்லேருந்து பாக்குறேன், யாரும் காட்ட மாட்டேங்கறாங்க.”

ஆக, மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கழன்றவர்கள் எதிர் அறைக்குப் போனார்கள். எதிர் அறையில் கிட்டார் வகுப்பு. அங்கே சேர்ந்த வாரத்திலேயே ஒரு பாட்டு, அடுத்த வாரம் அதை வாசித்துக்கொண்டே ஒரு காதல். சாக்சபோன் அறையில் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒருவர்: பல் டாக்டர்.

பல் டாக்டர் நடுவயசுக்காரர், பொறுமைசாலி. பகல் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிறவர், சாயங்காலம் மாஸ்டர் முன்னால் தன் வாயைத் திறந்து நிற்பார். “கன்னத்தை உப்பாதீங்க டாக்டர். உதட்டை மடிங்க. பல்லு அழுத்தக் கூடாது.” இந்த இருவருக்கும் ஒரு பந்தம் உண்டு. சாக்சபோன்காரனுக்கு மேல் பல்வரிசை போனால் பிழைப்பே போச்சு. அதனால் மாஸ்டர் டாக்டரிடம்தான் பல் பார்ப்பார். ஒரு தடவை டாக்டர், “வலிச்சா கையைத் தூக்குங்க மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு மெஷினைப் பல்லில் வைத்தார். கை உடனே மேலே போனது. டாக்டர் பதறிப்போய், “ரொம்ப வலிக்குதா?” என்றார். மாஸ்டர் வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு, “உங்க மெஷின் சுருதி இறங்குது. கவனிங்க” என்றார்.

இப்படிப்பட்ட மாஸ்டரைத்தான் பிரின்சிபால் அம்மா ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

“மாஸ்டர், உங்க வகுப்புல இப்ப எத்தனை பேர்?”

“தரமானவங்க ஒருத்தர்.”

“தரமில்லாதவங்க?”

“போயிட்டாங்க.”

“ஆண்டு விழாவுல அந்த ஒருத்தர் ஒரு பாட்டை முதல்லேருந்து கடைசி வரைக்கும் வாசிக்கணும். சபைக்கு முன்னாடி. இல்லைன்னா அடுத்த வருஷத்துலேருந்து சாக்சபோன் வகுப்பு கிடையாது. ரூமைக் கிட்டாருக்குக் குடுத்துடப் போறேன். அவங்க ஒரு ரூம் பத்தாம வராந்தாவுல உட்கார்ந்து வாசிக்கறாங்க.”

“எந்தப் பாட்டு?”

“முடியற பாட்டு எதுவா இருந்தாலும் சரி மாஸ்டர்.”

மாஸ்டர் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். கேலியை ஒரு நிமிஷம் ஓரமாக வையுங்கள். அந்த முட்டை அட்டை அறையை விட்டால் அந்த மனிதருக்குப் போக்கிடம் இல்லை. இசைக்குழுவில் நாற்காலி கிடையாது. நடன அரங்கு எப்போதோ சாமான் கிடங்காகிவிட்டது. வாத்தியார் என்கிற ஒரு சொல்லும் போய்விட்டால், மிச்சம் இருப்பது ஒரு கறுப்புப் பெட்டியும், அதற்கு சீட்டைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் நிற்கிற ஒரு ஆளும்தான். அன்றைக்கு மேல்மாடியிலிருந்து சத்தமே வரவில்லை. எனக்கு அது பழக்கமில்லாததால் தலைவலி வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து காரியத்தை வீட்டம்மா கையில் எடுத்துக்கொண்டார். வகுப்புக்கே நேரில் போய், இருவருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு, தைக்க வேண்டிய சட்டைகளோடு உட்கார்ந்தார். டாக்டர் வாசிப்பார். மாஸ்டர் வாய் திறக்கும்.

“ம்ஹும்” என்பார் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இல்ல, அந்த இரண்டாவது வரியில…”

“ம்ஹும்.”

“ஒரே ஒரு வார்த்தை.”

“அந்த ரீடை எடுத்து வாயில வெச்சுக்கோங்க.”

மாஸ்டர் வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் ஆறு ரீடைக் கடித்தே தின்றுவிட்டார். டாக்டரும் சும்மா இருக்கவில்லை, தாமாகவே கிளினிக்கில் இரண்டாவது பக்கத்தைத் திருப்பி வாசித்துப் பார்த்திருக்கிறார். கடைசி வரிக்கு முந்தின இடத்தில் ஒரு உச்சச் சுரம், அதைத் தொட்டதும் சாக்சபோன் கீச்சென்று அலறும். உள்ளே யாருக்கோ பிடுங்குகிறார்கள் என்று நினைத்து, வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

ஆண்டு விழா வந்தது. வீட்டம்மா என்னைக் கூப்பிட்டார். “அண்ணே, நீங்களும் வாங்க. அவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்றேன், அந்தப் பக்கம் நீங்க. கையைத் தூக்கினா நான் பாத்துக்கறேன். ஆளே எழுந்தா நீங்க அமுக்கிடுங்க.”

“பாட்டு கேக்கக் கூப்பிடறீங்களா, ஆளைப் பிடிக்கக் கூப்பிடறீங்களா தங்கச்சி?”

“நீங்க பாட்டு கேப்பீங்களா அண்ணே?”

நியாயமான கேள்வி. போனேன்.

முன்வரிசையில் உட்கார்ந்தோம். பிரின்சிபால் அம்மா ஓரத்தில், மடியில் நிகழ்ச்சிநிரலோடு. கிட்டார் பிள்ளைகள் கூட்டமாக வந்து, வாசித்து, கைதட்டு வாங்கி, கூட்டமாகவே போனார்கள். பிறகு பல் டாக்டர் ஏறினார். துணைக்கு ஒரு பியானோக்காரர். டாக்டர் ரீடை நனைத்துக்கொண்டு, சபையை ஒரு பார்வை பார்த்தார். பாதிப் பேர் அவருடைய நோயாளிகள், பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டார்கள்.

ஆரம்பித்தார். முதல் வரி போனது. இரண்டாவது வரியில் வழக்கமான இடத்தில் வழக்கமான தும்மல். என் பக்கத்தில் இருந்த உடம்பு கரண்டு அடித்த மாதிரி துள்ளியது. வீட்டம்மா அவருடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்து மடியில் அமுக்கினார். மாஸ்டர் விழுங்கினார். பாட்டு மேலே போனது. மூன்றாவது வரி, நான்காவது வரி. பக்கம் திரும்பியது. சரக்கென்று அந்தக் காகிதம் திரும்பிய சத்தம் எனக்கே கேட்டது. வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்தேன். தெருக்கோடி வரைக்கும் தினமும் நடந்து திரும்பிய ஒருவர், முதல் தடவையாக அந்த மூலையைத் தாண்டிப் போகிற முகம். பிடியை மட்டும் விடவில்லை. மாஸ்டர் நெற்றியில் வேர்வை ஓடியது, உதட்டில் பல் பதிந்திருந்தது, ஆனால் மனிதர் தாங்கிக்கொண்டார். கடைசி வரிக்கு முந்தின இடம் வந்தது.

கீச்!

மாஸ்டர் அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், சத்தியமாக அசையவில்லை. மேடையில் டாக்டர்தான் வாத்தியத்தை இறக்கினார். பியானோக்காரர் விஷயம் தெரியாமல் கொஞ்ச தூரம் தனியாகப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“மன்னிக்கணும்” என்றார் டாக்டர். “மறுபடி முதல்லேருந்து.”

யாரும் சொல்லவில்லை. யாரும் கையைத் தூக்கவில்லை. அவராகவே நிறுத்தினார், அவராகவே முதல் பக்கத்துக்குப் போனார். பின்னே? அத்தனை வருஷமாக அந்த அறையில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதானே! அதை மட்டும் ஒரு பிழையில்லாமல் செய்தார்.

மறுபடி முதல் வரி, மறுபடி தும்மல், மறுபடி பக்கம். மறுபடி கீச்! மறுபடி வாத்தியம் இறங்கியது. “மன்னிக்கணும். முதல்லேருந்து.” சபையில் யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள். பிரின்சிபால் அம்மா நிகழ்ச்சிநிரலை மடித்துப் பைக்குள் வைத்தார். பைக்குள் வைத்துவிட்டால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். டாக்டர் மூன்றாவது தடவையாக ஆரம்பித்தார்.

மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கண் மேடையில் இல்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை பாவம், மனைவியின் மடியில் சும்மா கிடந்தது. அது தூங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் வேலை மேடையில் நடக்கிறதே என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது பக்கம் வந்தது. அந்த இடம் நெருங்கியது. டாக்டர் தோள் உயர்ந்தது. கீச்! வாத்தியம் இறங்கப் போகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது.

மாஸ்டர் எழுந்துவிட்டார். நான் அமுக்கினேன். என் பிடியில் சிக்கினவன் லேசில் எழுந்ததில்லை, அந்த மனிதர் எழுந்தார்.

“நிறுத்தாதீங்க!” என்று கத்தினார். “போங்க டாக்டர்! தப்பாவே போங்க! போய்க்கிட்டே இருங்க!”

டாக்டர் மிரண்டுபோய், விட்ட இடத்தைப் பல்லால் பிடித்து, கீச்சின் மேலேயே ஏறி மிதித்து, கடைசி வரியில் விழுந்து, உருண்டு, கடைசிச் சுரத்தில் போய் நின்றார். நீளமான சுரம் அது. முதல் மாதத்துப் பாடம். அது மட்டும் சுத்தமாக வந்தது. பியானோக்காரர் கொஞ்சம் கழித்து வந்து சேர்ந்தார்.

பாட்டு முடிந்தது.

கைதட்டல் மெதுவாகத்தான் தொடங்கியது, ஆனால் தொடங்கியபின் நிற்கவில்லை. வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவுதானா?” என்றார். “இதுக்கா என்னை இத்தனை வருஷம் காக்க வெச்சீங்க?”

பிரின்சிபால் அம்மா எழுந்து வந்தார். “கடைசி வரைக்கும் வாசிச்சுட்டார். சொன்ன சொல் சொல்தான் மாஸ்டர், ரூம் உங்களுக்கே. ஆனா ஒண்ணு, வாசிக்கறவங்களுக்குக் குறுக்கே சபையில கத்தறது மரியாதை இல்ல.”

“மன்னிக்கணும்” என்றார் மாஸ்டர். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆக, மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த ரகம் திருந்தி எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாடிப்படியில் என் வீட்டுக்காரி வழிமறித்து, “என்ன ஆச்சு, என்ன ஆச்சு?” என்றாள். வீட்டம்மா சந்தோஷமாக ஆரம்பித்தார்.

“அதை ஏன் கேக்கறீங்க அக்கா! டாக்டர் மூணாவது தடவையா நிறுத்திட்டு, மன்னிக்கணும்னு சொன்னாரு பாருங்க, அப்ப எனக்கு…”

“ரெண்டு” என்றார் மாஸ்டர், பெட்டியைத் திறந்து ரீடைத் துடைத்துக்கொண்டே.

“என்னது?”

“ரெண்டு தடவைதான் நிறுத்தினார். மூணாவது தடவை நான் நிறுத்த விடல.”

வீட்டம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் மின்விளக்கைப் பார்த்தேன். பிறகு வீட்டம்மா பெருமூச்சு விட்டு, யாரும் சொல்லாமலேயே, “சரி, நாங்க சாயங்காலம் கிளம்பினோமா…” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். டாக்டர் நிறுத்தியது இரண்டு தடவையா, மூன்று தடவையா என்று இப்போது மேலே போய் எண்ணிப் பார்த்துவிட்டுத்தானே இந்த வரிக்கு வந்தீர்கள்? போகிற போக்கில் மச்சு, பியானோ, பிரின்சிபால் என்று நான் போட்ட சில வார்த்தைகளையும் மனசுக்குள் திருத்தியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். மாஸ்டருக்கு வயசாகிறது. அந்த அறைக்கு அவருக்குப் பிறகு ஒரு ஆள் வேண்டும். சாக்சபோன் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.